ஹால்ஸ்கராப்டர் நீந்தியதா? திருட்டுப்போன ஒரு புதைபடிவம் சொல்வதும் சொல்லாததும்

2017 டிசம்பர் 6 அன்று ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு புது டைனோசர் அறிமுகமானது. பெயர் ஹால்ஸ்கராப்டர் எஸ்குய்யேயி. உடம்பு வாத்து அளவுதான். கழுத்து மட்டும் அன்னத்தினுடையதைப் போல நீண்டு வளைந்திருக்கிறது. வாய் நிறையப் பொடிப்பொடிப் பற்கள். முன்னங்கைகள் துடுப்பாகப் பயன்படக்கூடிய விதத்தில் தட்டையானவை. பின்னங்காலிலோ வெலாசிராப்டருக்கு இருக்கும் அதே அரிவாள் நகம். நாலு விலங்குகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்ததும் தோன்றும். அந்தக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்த ஆய்வாளர்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

சந்தேகப்பட வலுவான காரணம் இருந்தது. இந்த எலும்புக்கூட்டை எந்த ஆய்வுக் குழுவும் தோண்டி எடுக்கவில்லை. மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் யாரோ திருட்டுத்தனமாக வெட்டியெடுத்து நாட்டைவிட்டுக் கடத்தியிருக்கிறார்கள். ஜப்பானிலும் பிரிட்டனிலும் தனியார் சேகரிப்புகளில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிரான்சில் புதைபடிவ வணிகம் செய்யும் பிரான்சுவா எஸ்குய்யேயிடம் வந்து சேர்ந்தது. இது இதுவரை பெயரிடப்படாத உயிரினமாக இருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. 2015 வாக்கில் பிரஸ்ஸல்ஸில் உள்ள பெல்ஜிய அரச இயற்கை அறிவியல் கழகத்தின் பாஸ்கல் கோட்ஃப்ருவாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். இத்தாலியத் தொல்லுயிரியலாளர் ஆந்திரேயா காவ் தலைமையில் ஆய்வு தொடங்கியது. கல் மங்கோலியாவுக்கே திரும்பவேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் வேலை நடந்தது. ஆய்வுக் கட்டுரையிலும் அது மங்கோலிய சேகரிப்பு எண்ணோடுதான் பதிவாகியிருக்கிறது.

புதைபடிவச் சந்தையில் ஒட்டுவேலை புதிதல்ல. 1999இல் ‘ஆர்க்கியோராப்டர்’ என்ற பெயரில் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட விலங்கு கிடைத்துவிட்டதாக ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் படத்தோடு வெளியிட்டது. சில மாதங்களிலேயே அது சாயம் வெளுத்தது. சீனாவின் லியாவோநிங் பகுதியில் கிடைத்த ஒரு தொல்பறவையின் உடம்போடு, மைக்ரோராப்டர் என்னும் சிறு டைனோசரின் வாலை ஒட்டிவைத்திருந்தார்கள். முழுசாக இருந்தால் விலை கூடும், அவ்வளவுதான் கணக்கு. அந்த அவமானம் இந்தத் துறையில் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் ஹால்ஸ்கராப்டர் விஷயத்தில், ‘இது என்ன விலங்கு?’ என்று கேட்பதற்கு முன்பே ‘இது ஒரே விலங்குதானா?’ என்று கேட்கவேண்டியிருந்தது.

அதற்காகக் கல்லை பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். 844 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையத்துக்குள் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றவிடுகிறார்கள். காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும்போது எக்ஸ்ரே கதிர்கள் தெறிக்கின்றன. மருத்துவமனை எக்ஸ்ரேயைவிட அது 10,000 கோடி மடங்கு பிரகாசமானது என்று அந்த மையம் அப்போது சொல்லிவந்தது. பாறையும் எலும்பும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் சாதாரண ஸ்கேனில் இரண்டும் கலங்கித் தெரியும். இந்தக் கதிரில் எலும்புக்குள் ஓடும் நுண்ணிய நரம்புக் குழாய்கள்வரை பிரிந்து தெரியும். கல்லை உடைக்கவே வேண்டாம்.

ஸ்கேன் தந்த பதில் தெளிவாக இருந்தது. மேலே தெரிந்த எலும்புகள் பாறைக்குள் புதைந்து கிடந்தவற்றோடு தொடர்ச்சியாக இணைந்திருந்தன. ஒட்டுவேலைக்கான அடையாளம் இல்லை. மூக்கு நுனியை மட்டும் யாரோ பிளாஸ்டர் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். மற்றபடி இது ஒரே ஒரு விலங்கின் எலும்புக்கூடு. கல்லுக்குள் மறைந்திருந்த பற்களையும் அப்போதுதான் முதன்முதலாக எண்ண முடிந்தது.

எலும்பு சொல்வது

ஹால்ஸ்கராப்டர் டிரோமியோசார் குடும்பத்தைச் சேர்ந்தது. வெலாசிராப்டர் அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். சினிமாவில் ஆளுயரத்துக்கு வந்து மிரட்டும் அந்த விலங்கு, நிஜத்தில் வான்கோழி அளவுதான் இருந்தது. பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவினர்கள் இவை. ஆனால் முன்னோர் அல்ல. மிகப் பழைய பறவையாகப் பலரும் கருதும் ஆர்க்கியோப்டெரிக்ஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஹால்ஸ்கராப்டர் வாழ்ந்தது 7.5 முதல் 7.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குள் பறவைகள் தனி வழியில் வெகுதூரம் போய்விட்டன. ‘பறவை போன்ற டைனோசர்’ என்று செய்தியில் படித்ததும் பறவையின் தாத்தா கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இது தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி.

இறகு இருந்ததா? இந்தக் கல்லில் இறகுத் தடம் எதுவும் இல்லை. ஆனால் 2007இல் மங்கோலிய வெலாசிராப்டர் ஒன்றின் முன்னங்கை எலும்பில், இறகுத் தண்டுகள் பதிந்திருந்த முடிச்சுகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே வம்சத்தைச் சேர்ந்த மைக்ரோராப்டருக்குக் கையிலும் காலிலும் நீண்ட இறகுகள் இருந்தது கல்லிலேயே பதிந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கும்போது இதற்கு மட்டும் இல்லை என்று நினைக்க முகாந்திரம் இல்லை.

இனி விவாதத்துக்குரிய உறுப்புகளுக்கு வருவோம். முதலில் பற்கள். மேல்தாடையின் முன்பகுதி எலும்பில் டிரோமியோசார்களுக்கு வழக்கமாக ஒரு பக்கத்துக்கு நாலு பற்கள்தான் இருக்கும். ஹால்ஸ்கராப்டருக்கு 11. வெலாசிராப்டரின் பல் சதையைக் கிழிப்பதற்கானது. ஓரத்தில் ரம்பம்போல இருக்கும். இதன் பற்கள் சிறியவை, நெருக்கமானவை. வழுக்குகிற சின்ன இரையை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ள இப்படிப்பட்ட வாய் வசதி. மீன் பிடிக்கும் ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இதே போக்கு இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது மூக்கு. நாசித் துளைகள் நுனியில் இல்லாமல் பின்னால் தள்ளி, சற்று மேலே இருக்கின்றன. முகவாய் எலும்புக்குள் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடும் நுண்குழாய்கள் பெரிய வலைபோலப் பரவியிருக்கின்றன. முதலைகளுக்கு இப்படி உண்டு. கலங்கிய நீரில் இரை அசையும்போது எழும் மெல்லிய அழுத்த மாற்றத்தை அவை தாடையாலேயே உணர்ந்துவிடும். ஹால்ஸ்கராப்டரும் அதைத்தான் செய்தது என்பது காவ் குழுவின் வாதம். இங்கே நான் கொஞ்சம் தயங்குவேன். தரையில் வாழ்ந்த வேட்டை டைனோசர்களிலும் இத்தகைய நரம்பு வலை கண்டறியப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் கிடைத்த நியோவெனேட்டர் அதற்கு ஓர் உதாரணம். அப்படியானால் இந்த வலை முகத்தின் தொடுவுணர்வைக் காட்டுகிறது என்று சொல்லலாம். தண்ணீரைத்தான் காட்டுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

கழுத்துதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மூக்கு நுனி முதல் இடுப்பு வரையிலான நீளத்தில் பாதி கழுத்துக்கே போய்விடுகிறது. டிரோமியோசார்களில் இதற்கு முன் இப்படிப் பார்த்ததில்லை. நம் ஏரிகளில் பாம்புத்தாரா தலையையும் கழுத்தையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்துவதைப் பார்த்தவர்களுக்கு, இப்படியொரு கழுத்து தண்ணீரில் என்ன வேலை செய்யும் என்று விளக்கவேண்டியதில்லை. உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் சட்டென்று நீட்டி மீனைப் பிடிக்கலாம். ஆனால் கொக்கும் நாரையும் நீந்தாமலே, கரையோரம் நின்றபடியே அதே வேலையைச் செய்கின்றன. நீண்ட கழுத்து நீரோரத்து வாழ்வோடு பொருந்துகிறது. நீந்தியதற்கு அது மட்டும் போதாது.

அதற்கு வேறு சாட்சி வேண்டும். அங்கேதான் கைகள் வருகின்றன. முன்கை எலும்பு தட்டையாகி, பின்புற விளிம்பு கூர்மையாக இருக்கிறது. சாதாரணமாக டிரோமியோசார்களுக்கு இரண்டாம் விரல்தான் நீளமானது; இதற்கு மூன்றாம் விரல் நீளம். கை அகன்று விரியும்போது துடுப்பின் பரப்பு கூடும். பென்குயின் போன்ற பறவைகள் இறக்கையாலேயே நீரைத் தள்ளி நீந்துவதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கையைப் படித்தார்கள். உடம்பின் எடை முன்னோக்கி நகர்ந்திருப்பதால், தரையில் இது மற்ற டிரோமியோசார்களைவிட நிமிர்ந்து, வாத்துபோல நடந்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள்.

ஆக அவர்கள் வரைந்த சித்திரம் இது: கரையில் இரண்டு கால்களில் நடக்கும், ஓடும், குட்டைக்குள் இறங்கினால் கையால் நீரைத் தள்ளி நீந்தி, கழுத்தை நீட்டி இரை பிடிக்கும். முழுநேர நீர்வாழ் விலங்கு என்று யாரும் சொல்லவில்லை. கால்கள் நல்ல தரைவாழ் கால்கள்தான். அரிவாள் நகத்தையும் அது விட்டுவிடவில்லை.

உறவினர்களுக்கும் விடிவு

பெயரில் உள்ள ஹால்ஸ்கா, போலந்தின் தொல்லுயிரியலாளர் ஹால்ஸ்கா ஓஸ்முல்ஸ்கா. 1930இல் பிறந்து 2008இல் மறைந்தவர். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் போலந்தும் மங்கோலியாவும் சேர்ந்து கோபியில் நடத்திய ஆய்வுப் பயணங்களில் பங்கெடுத்தவர்களில் ஒருவர். அந்தப் பயணங்களின் தலைவரும் ஒரு பெண்தான், சோஃபியா கீலான்-யாவரோவ்ஸ்கா. பனிப்போர் காலத்தில் மேற்கு நாட்டவர் நுழைய முடியாத அந்தப் பாலைவனத்தில் இவர்கள் அள்ளிக்கொண்டு வந்ததை வைத்து இன்றும் ஆய்வுகள் நடக்கின்றன.

ஓஸ்முல்ஸ்கா 1982இல் ஒரு சின்னஞ்சிறு பாதத்தின் துண்டுகளுக்கு ஹுல்சான்பெஸ் என்று பெயர் வைத்தார். 1970ஆம் ஆண்டுப் பயணத்தில் கிடைத்தவை அவை. அது என்ன விலங்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. அப்புறம் 2007இல் மகாகாலா வந்தது. திபெத்திய பௌத்தத்தின் காவல் தெய்வத்தின் பெயர் வைக்கப்பட்ட இந்தக் குட்டி டைனோசர் சுமார் 70 சென்டிமீட்டர் நீளம்தான். பறவைகளின் வம்சத்தில் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே உடம்பு சிறுத்துவிட்டது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டினார்கள். ஆனாலும் மகாகாலாவின் வாலும் கையும் டிரோமியோசார் வழக்கத்துக்கு ஒத்துவராமல் இடித்துக்கொண்டே இருந்தன.

ஹால்ஸ்கராப்டர் வந்த பிறகுதான் மூன்றும் ஒரே கூட்டம் என்பது புலப்பட்டது. ஹால்ஸ்கராப்டரினே என்று புதிய துணைக்குடும்பம் உருவானது. நாற்பத்தேழு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த ஒரு பாதத்துக்குக் கடைசியில் வீடு கிடைத்தது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் நீச்சலைவிட இதுதான் உறுதியான பகுதியாகத் தெரிகிறது. நீந்தியதா இல்லையா என்று சண்டை போடலாம். டிரோமியோசார் குடும்பத்துக்குள் இப்படித் தனிப்பட்ட ஒரு கிளை கோபியில் இருந்தது என்பது சண்டைக்கு அப்பாற்பட்டதாகிவருகிறது.

மறுப்பு

மறுப்பு வர அதிக நாள் ஆகவில்லை. 2019இல் அமெரிக்க ஆய்வாளர் சேஸ் பிரவுன்ஸ்டீன் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வேறு வாசிப்பை முன்வைத்தார். நீச்சலுக்கான தகவமைப்பு என்று சொல்லப்படும் பல அம்சங்கள், பழைய இரண்டுகால் டைனோசர்களின் உடலமைப்புக்கும் பறவைக்கு நெருங்கியவற்றின் உடலமைப்புக்கும் இடைப்பட்ட நிலையாகவே இருக்கலாம் என்பது அவர் வாதம். இந்த விலங்கு டிரோமியோசார் மரத்தில் அடிக்கிளையில் இருக்கிறது. அடிக்கிளையில் இருப்பவற்றுக்குப் பழைய பாணி மிச்சமிருப்பது இயல்பு. அதைப் பார்த்து ‘தண்ணீருக்காக மாறியது’ என்று சொல்லிவிடக்கூடாது என்கிறார்.

காவ் 2020இல் பதில் எழுதினார். இடைப்பட்ட நிலை என்றால் அதே அம்சங்கள் பக்கத்துக் கிளைகளிலும் படிப்படியாகத் தெரியவேண்டும், அப்படித் தெரியவில்லை, இந்தக் கூட்டத்துக்கே உரியவையாகத்தான் அவை இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்து வாதாடினார். இரண்டையும் படித்தபோது, காவின் பக்கம் சற்றுக் கனமாகத்தான் எனக்குப் பட்டது. பின்தள்ளிய நாசி, மிகுதியான பல், கழுத்து, தட்டைக் கை எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்து வருவதை மிச்சசொச்சம் என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் பிரவுன்ஸ்டீன் எழுப்பியது தேவையான கேள்வி. டைனோசர்களில் நீர்வாழ்வைக் கண்டுபிடிக்கும் ஆசை இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. ஸ்பைனோசாரஸ் என்ற பிரம்மாண்டமான வேட்டை டைனோசர் நீருக்குள் மூழ்கி வேட்டையாடியதா, கரையில் நின்று கொத்தியதா என்று நடக்கும் அடிதடியைக் கவனித்துவருபவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாவது சாட்சி

2022 டிசம்பர் 1 அன்று தென்கொரிய ஆய்வாளர்கள் லீ சுங்ஜின், லீ யுவாங்-நாம் முதலானோர் நாட்டோவெனேட்டர் பாலிடோன்டஸ் என்ற புது விலங்கை ‘கம்யூனிகேஷன்ஸ் பயாலஜி’ இதழில் அறிவித்தார்கள். பல பற்கள் கொண்ட நீந்தும் வேட்டைக்காரன் என்று பொருள்படும் பெயர். 2008இல் கொரிய-மங்கோலியக் கூட்டுப் பயணத்தின்போது கோபியின் ஹெர்மீன் சாவ் என்ற இடத்தில் முறைப்படி எடுத்தது. எந்த இடம், எந்த அடுக்கு, யார் எடுத்தார்கள் என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

இதுவும் ஹால்ஸ்கராப்டரின் கூட்டம்தான். அதே நீண்ட கழுத்து, அதே பல் நெருக்கம். ஆனால் ஹால்ஸ்கராப்டரில் பார்க்க முடியாத ஒன்று இதில் தெளிவாக இருந்தது: விலா எலும்புகள். அவை பக்கவாட்டில் விரியாமல் வால்பக்கமாகச் சாய்ந்து படிந்திருக்கின்றன. நீருக்குள் முங்கி இரை தேடும் பறவைகளில் விலா எலும்புகள் இப்படித்தான் அமைந்திருக்கும். உடம்பு உருண்டு நீளவாக்கில் ஒடுங்கும்போது தண்ணீரின் எதிர்ப்பு குறைகிறது. கரையில் நின்று கொத்தும் விலங்குக்கு இப்படிப்பட்ட நெஞ்சுக்கூட்டால் எந்தப் பயனும் இல்லை.

நாட்டோவெனேட்டரின் விலா, ஹால்ஸ்கராப்டரின் நீச்சலுக்கு நேரடிச் சான்றாகாது. இரண்டும் வேறு வேறு இனம். ஆனால் இந்த வம்சத்தில் ஒருவர் முங்கி நீந்தினார் என்றால், இன்னொருவரின் துடுப்புக் கையைத் துடுப்பு என்று படிப்பதற்குத் தைரியம் வருகிறது. 2017இல் ஒற்றைக் காலில் நின்ற கருத்துக்கு இப்போது இரண்டாவது கால் முளைத்திருக்கிறது.

பாலைவனத்தில் தண்ணீர் எங்கே?

இந்த இடத்தில் நியாயமாக ஒரு கேள்வி எழும். கோபி பாலைவனம்தானே, அங்கே எங்கே நீந்துவது?

ஹால்ஸ்கராப்டர் எடுக்கப்பட்டதாகக் கருதப்படும் இடம் உஹா தோல்கோட். 1993இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் மங்கோலியாவும் சேர்ந்து நடத்திய பயணத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பள்ளத்தாக்கு அது. டைனோசர்களின் கடைசி யுகமான கிரிட்டேசியஸ் காலத்து உயிர்கள் இவ்வளவு செறிவாகக் கிடைக்கும் இடங்கள் உலகில் குறைவு. முட்டைகள் மேல் அமர்ந்தபடியே புதைந்துபோன சிட்டிபாட்டி டைனோசர் அங்கே கிடைத்ததுதான். பல்லிகள், எலி அளவுப் பாலூட்டிகள் ஆகியவற்றின் மண்டையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

அன்றும் அங்கே மணற்குன்றுகள்தான். ஆனால் இன்றைய சகாரா மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத மணல் அல்ல. விலங்குகள் அப்படியே முழுசாகப் புதைந்து கிடப்பதைப் பார்த்து, மணற்புயல் மூடியிருக்கும் என்று முன்பு நினைத்தார்கள். 1990களின் கடைசியில் புவியியலாளர் டேவிட் லூப்பும் மற்றவர்களும் மணல் அடுக்குகளை நுணுக்கமாகப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்கள். செடிகொடி வேர்பிடித்து நிலைத்துப்போன குன்றுகளில், மேல்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்புப் படலம் ஒன்று உருவாகியிருந்தது. கனமழை பெய்தால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காமல் தேங்கும். ஊறிக் கனத்த மணல் சரிவாக இடிந்து கீழே விழும். அடியில் இருந்த விலங்குகள் தப்ப வழியில்லை. ஆக அவற்றைக் கொன்றது வறட்சியல்ல, மழை. அவ்வளவு மழை பெய்த இடத்தில் குன்றுகளுக்கு நடுவே தாழ்வான இடங்களில் குட்டைகள் தேங்கியிருக்கும், பருவகால ஓடைகள் ஓடியிருக்கும்.

குட்டை இருந்தால் மட்டும் போதுமா? அதில் வருஷம் முழுக்கத் தின்ன ஏதாவது இருக்கவேண்டும். மீனுக்குப் பேர்போன இடமல்ல உஹா தோல்கோட். மழைக்குப் பின் பெருகும் தவளை, பூச்சி, நீர்ப்புழு போன்றவற்றைத் தின்று, தண்ணீர் வற்றியதும் கரையில் பல்லியும் பாலூட்டியும் தேடியிருக்கலாம். அரிவாள் நகமும் நல்ல ஓட்டக் கால்களும் இதற்கு அப்படியே இருப்பதற்கு அது ஒரு விளக்கம். இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு பிழைப்புக்கும் தயாராக இருக்கும் உடம்பு, நிலையில்லாத நீர் உள்ள நிலத்துக்குப் பொருத்தமானது என்று தோன்றுகிறது.

அதே நிலத்தில் வேறு சிறு வேட்டையர்களும் இருந்தார்கள். வெலாசிராப்டரின் நெருங்கிய உறவான சாகான், தரையில் நடுத்தர அளவு இரையைப் பிடித்திருக்கும். கோழியளவே உள்ள ஷுவூயியா ஒற்றை நகக் கையோடு பூச்சிகளைத் தோண்டியது. அதன் கண்ணையும் காதையும் 2021இல் ஆராய்ந்தவர்கள், இருட்டில் ஒலியை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கும் கூகை வகை ஆந்தைக்கு அது நிகர் என்றார்கள். ஒருவர் பகலில், ஒருவர் இரவில், ஒருவர் தண்ணீரில் என்று பங்கு பிரித்துக்கொண்டால் இத்தனை சின்ன வேட்டையர்கள் ஓரிடத்தில் பிழைப்பது விளங்குகிறது. டிரோமியோசார் என்றாலே கூட்டமாக வந்து பெரிய விலங்கை மடக்கும் என்ற சித்திரம் நம் மனதில் பதிந்துவிட்டது. மைக்ரோராப்டரின் வயிற்றைப் பார்த்தால் அது கலைந்துவிடும். ஒரு கல்லில் பறவை, ஒரு கல்லில் மீன், ஒன்றில் பல்லி, ஒன்றில் பாலூட்டியின் பாதம். 2011 முதல் 2022 வரை வந்த நான்கு ஆய்வுகள் தனித்தனியாகச் சொன்னவை இவை. கையில் அகப்பட்டதைத் தின்றவைதான் இந்தக் குடும்பத்தின் சின்ன உறுப்பினர்கள். மீனும் அதில் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

தொலைந்தது எது?

மேலே உஹா தோல்கோட் என்று எழுதும்போது ‘கருதப்படும்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த விவகாரம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. எலும்பின் நிறமும், சுற்றியுள்ள மணற்கல்லின் தன்மையும் அந்த இடத்தோடு ஒத்துப்போவதால் அப்படிச் சொல்கிறார்கள். பள்ளத்தாக்கின் எந்த மூலை, எந்த அடுக்கு என்பது போய்விட்டது. இடிந்து விழுந்த குன்றின் மணலில் கிடந்ததா, குட்டை ஓரத்து வண்டலில் கிடந்ததா? பக்கத்தில் ஒரு மீன் முள்ளோ தவளை எலும்போ இருந்ததா? திருடியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்களுக்கு விலைபோவது எலும்புக்கூடு. சுற்றியிருக்கும் மண்ணை யார் வாங்குவார்கள்?

ஆனால் நீந்தியதா என்ற கேள்விக்கு அந்த மண்தான் பாதி பதில். சின்க்ரோட்ரான் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் கல்லுக்குள் இருப்பதைத்தான் காட்டும். கல்லுக்கு வெளியே பத்தடி தள்ளி இருந்ததைக் காட்டாது.

டெய்னோகைரஸ் என்ற பெரிய டைனோசருக்கு இதே கதி நேர்ந்து, அது கொஞ்சம் அதிர்ஷ்டத்தோடு தப்பித்தது. 2009இல் புகீன் சாவ் என்ற இடத்தில் அதன் உடம்பை ஆய்வுக் குழு கண்டபோது, தலையையும் கைகளையும் பாதங்களையும் திருடர்கள் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரே ஒரு கால்விரல் எலும்பை விட்டுவிட்டிருந்தார்கள். பின்னால் ஐரோப்பாவில் ஒரு தனியாரிடம் இருந்த தலையையும் பாதங்களையும் அடையாளம் கண்டு சொன்னவரும் இதே எஸ்குய்யேதான். அந்த விரல் எலும்பு, ஐரோப்பாவில் இருந்த பாதத்தின் இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்தியது. 2014இல் எல்லாம் மங்கோலியாவுக்குத் திரும்பின. ஹால்ஸ்கராப்டருக்கு அப்படி ஒரு விரல் எலும்பு எங்கேயும் மிச்சமில்லை.

மங்கோலியாவில் புதைபடிவங்கள் அரசுக்குச் சொந்தம். 1924 முதலே சட்டம் அப்படித்தான். ஆனால் பாலைவனம் பரந்தது, காவல் குறைவு, வெளிநாட்டில் விலை அதிகம். 2012இல் நியூயார்க் ஏலத்தில் டைரனோசாரஸின் நெருங்கிய உறவான தார்போசாரஸ் ஒன்றின் எலும்புக்கூடு 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. மங்கோலிய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காகி, 2013இல் அது திரும்ப வந்தது. அதற்குப் பிறகு வாங்குபவர்கள் சற்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கடத்தல் பொருளை ஆய்வு செய்து பிரபல இதழில் வெளியிடுவது சரியா என்பதிலும் துறைக்குள் இரண்டு கட்சி உண்டு. ஆய்வு செய்தால் சந்தை மதிப்பு கூடும், அடுத்த திருட்டுக்கு ஊக்கமாகும் என்பது ஒரு பக்கம். ஒதுக்கினால் அது யாரோ ஒரு பணக்காரரின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும், அறிவியலுக்கும் இல்லை மங்கோலியாவுக்கும் இல்லை என்பது மறுபக்கம். ஹால்ஸ்கராப்டர் விஷயத்தில் பின்சொன்னதுதான் நடைமுறைக்கு ஒத்தது என்று நினைக்கிறேன், கல் சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் மட்டும். அந்த நிபந்தனை இல்லாத இடத்தில் என் பதில் மாறும்.

இனி இந்த விவாதத்தை முடித்துவைக்கக்கூடியது இன்னொரு ஸ்கேன் அல்ல. இதுவரை கிடைத்த எந்த ஹால்ஸ்கராப்டரினேவின் வயிற்றிலும் இரை கிடைத்ததாக அறிவிக்கப்படவில்லை. மைக்ரோராப்டருக்கு நடந்ததுபோல விலாவுக்குள் மீன் முள்ளோடு ஒன்று, அடுக்கும் இடமும் பதிவான நிலையில், ஹெர்மீன் சாவிலோ உஹா தோல்கோட்டிலோ முறையாகத் தோண்டி எடுக்கப்பட்டால் பிரவுன்ஸ்டீனும் காவும் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அது எந்தப் பக்கம் என்பது வயிற்றில் இருப்பதைப் பொறுத்தது.